இரு வகைக் கொடை

திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணியும் சிற்றாறும் கோதண்டராம ஆறும் ஒன்றுகூடும் இடம் முக்கூடல். இந்நாளில் சீவலப்பேரி என வழங்கும் அவ்வூரில், சிறியது என்று எந்த ஆற்றையும் பேராறு ஒதுக்குவதில்லை. கூடிய நீர் நெடுந்தொலைவு சென்று, கடைமடை வயலையும் நனைக்கின்றது. ஆராய்ச்சிக்கென்று பலர் கொடுக்கும் சிறு பொருளும் அத்தகையதே.

பசித்தவர்க்குச் சோறிடுதல் யாவர்க்கும் விளங்கும் அறம். அதன் பயன் கொடுத்தவர் கண்முன்னே தெரியும். கோயில் வாயிலில் அமர்ந்திருந்த தொழுநோயாளர்க்குத் தமிழ்மக்கள் பல தலைமுறையாகக் காசு இட்டு வந்தனர். அக்காசு அன்றைய பசியைத் தணித்தது. ஆயினும் மறுநாளும் அவர் அங்கேயே அமர வேண்டியிருந்தது. அவரை நலமுற வீடு சேர்ப்பதற்கு வேறொரு கொடையும் தேவைப்பட்டது.

தொழுநோய் தோலை மட்டுமன்றி நரம்பையும் பற்றும் நாட்பட்ட நோய். அது நுண்கிருமியால் விளைவது என்பதை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873இல் கண்டார். அடுத்த ஆண்டு, அயர்லாந்தில் டப்ளின் நகரையடுத்து வாழ்ந்த சகோதரியர் மூவர், இந்தியத் தொழுநோயாளர்க்காக ஆண்டுக்கு 30 பவுன் திரட்டித் தருவதாக வெல்லெஸ்லி பெய்லி என்பவரிடம் வாக்களித்தனர். அச்சிறு தொகையில் தொடங்கி வளர்ந்த தொண்டு நிறுவனமும், அமெரிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றும் துணைநிற்க, வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், நோயாளரின் விரல்கள் சிதைவதன் காரணத்தை ஆராய்ந்தார். அவை தாமே அழுகி விழுவதில்லை. நரம்பு கெட்டு வலியுணர்வு அற்றமையால், சுட்டாலும் வெட்டினாலும் அறியாமல், புண் முற்றிச் சிதைகின்றன எனத் தெளிந்தார். மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தினார். உணர்விழந்த பாதங்களுக்கு ஏற்ற மெத்தென்ற மிதியடிகளும் உருவாயின. அவ்வறிவு இன்று நீரிழிவால் பாதவுணர்வு இழந்தோர்க்கும் உதவுகின்றது.

“உண்ண உணவில்லாதார் பலர் இருக்க, ஆராய்ச்சிக்குப் பொருள் எதற்கு?” என வினவுவாரும் உளர். அவ்வினா இரக்கத்தில் பிறந்தது, இகழத்தக்கதன்று. ஆயினும் ஆராய்ச்சி அளித்த விடையையும் எண்ணுதல் வேண்டும். பலர் உழைப்பின் பயனாகக் கிடைத்த கூட்டு மருந்தை உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ அதனை உண்டால் நோய் நீங்கும். அரசு மருத்துவமனைகளில் அது விலையின்றிக் கிடைக்கின்றது. சோறு ஒரு நாளைப் பசியைத் தீர்க்கும்; நோய் முற்றுமுன் உண்ணும் மருந்தோ ஒருவர் பிறரிடம் கையேந்தும் நிலை வாராமலே காக்கும். ஆதலின் ஒரு கொடைக்காக மற்றொன்றைக் கைவிடலாகாது.

இந்தியாவில் இன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரிடம் இந்நோய் புதிதாகக் காணப்படுகின்றது. முற்றிலும் கெட்ட நரம்பை மீட்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. எனவே ஆராய்ச்சியும் முடியவில்லை. அதற்குப் பொருள் ஈவார் கடமையும் முடியவில்லை. திரட்டுவோர் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் காட்டுதல் வேண்டும். கொடுப்போர் பொறுமை காட்டுதல் வேண்டும். முப்பது பவுன் திரட்ட முன்வந்த சகோதரியர் கரிகிரியைக் கண்டாரல்லர். எனினும் அங்கு நிமிர்ந்த விரல்களில் அவர்தம் கொடைக்கும் பங்கு உண்டு.