குளியலறையில் ஒளிந்திருக்கும் பூனை

“நாளை மாலை ஏர்கோன் பார்க்க ஆள் வருவார், நானும் கூட வருகிறேன்.” வீட்டு உரிமையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இந்த ஒரு வரி போதும், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் சில வீடுகள் அன்றிரவு தூங்காது. பால்கனியில் இருந்த மணல் தட்டு காரின் பின்பெட்டிக்குப் போகும். சோபாவில் படிந்த முடியைச் செலோடேப்பால் ஒட்டி ஒட்டி எடுப்பார்கள். பூனை கூடையில் ஏறி எதிர்வீட்டு அக்காவிடம் அடைக்கலம் புகும். அக்கா ஊரில் இல்லையென்றால் குளியலறையில் இரண்டு மணி நேரச் சிறைவாசம். வந்தவர் போனதும் எல்லாம் பழையபடி.

கேட்பவர்களுக்கு இது வேடிக்கை, மாட்டிக்கொண்டவர்களுக்கு இல்லை. வீடு பார்க்கப் போகும்போது ஏஜெண்ட் நீட்டும் ஒப்பந்தம் பெரும்பாலும் எங்கிருந்தோ நகலெடுத்தது. ‘உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பிராணிகள் வளர்க்கக் கூடாது’ என்ற வரி அதன் நடுப்பக்கத்தில் எங்கோ கிடக்கும். உரிமையாளர் அதை யோசித்து எழுதவில்லை, வாடகைக்கு வருபவர் படித்துக் கையெழுத்திடவும் இல்லை. ஆறு மாதம் கழித்து, லிஃப்டில் யாரோ எடுத்த படம் குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். அன்றுதான் இருவரும் அந்த வரியை முதன்முதலாகப் படிக்கிறார்கள்.

உரிமையாளரை மட்டும் குறை சொல்வது எளிது. வங்கிக் கடனில் வாங்கிய வீடு. மரத்தரையில் ஊறிய சிறுநீர் வாடையைப் போக்குவது லேசான வேலையில்லை. நகக் கீறல் விழுந்த கதவை வர்ணம் பூசி மறைக்கவும் முடியாது. கோலாலம்பூரில் இன்னொன்றும் உண்டு. உரிமையாளரோ அடுத்து வரப்போகும் குடும்பமோ முஸ்லிமாக இருந்தால், நாய் புழங்கிய வீட்டில் மண் கலந்த நீரில் ஒருமுறை சேர்த்து ஏழுமுறை கழுவும் சமயக் கடமை எழக்கூடும். பல சமயத்தார் ஒரே சுவரைப் பகிரும் நகரத்தில் இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

சட்டமும் முதலில் உரிமையாளரைத்தான் பிடிக்கிறது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி உடைமை) நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில், 14ஆவது துணைவிதி பிராணிகளைப் பற்றியது. அது எல்லாப் பிராணிகளையும் தடை செய்யவில்லை. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவது, அவர்களின் பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தானது, மாநில அல்லது ஊராட்சி மன்ற விதிகளுக்கு முரணானது ஆகியவற்றையே தடுக்கிறது. ஆனால் அதை மீறியதாக அடுக்குமாடி நிர்வாகம் எழுத்தில் அறிவிப்பு கொடுத்துவிட்டால், மூன்று நாளில் பிராணியை வெளியேற்றியாக வேண்டும். தவறினால் நிர்வாகமே வெளியேற்றலாம். செலவு வீட்டு உரிமையாளர் தலையில். பூனை வளர்த்தது பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர், பில் போவது கிள்ளானில் இருக்கும் உரிமையாளருக்கு.

இதற்கு மேலும் விதிகள் வரலாம். பொதுக்கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்குகளோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, பிராணி வளர்ப்பு குறித்துக் கூடுதல் துணைவிதிகள் போட்டுக்கொள்ள அதே சட்டத்தின் 70ஆவது பிரிவு இடம் தருகிறது. அவை உரிமையாளரோடு வாடகைக்கு இருப்பவரையும் கட்டுப்படுத்தும். அடுக்குமாடி விதிகளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை 2020இல் கூட்டரசு நீதிமன்றம் காட்டியது. மொண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கு பூனை, நாய் பற்றியதல்ல; வீட்டைச் சில நாள்களுக்கு மட்டும் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவது பற்றியது. அதைத் தடுக்கும் விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆக, “எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, வளர்த்துக்கொள்ளுங்கள்” என்று உரிமையாளர் வாயால் சொல்வது மட்டும் கொண்டோவில் போதாது. நிர்வாக அலுவலகத்தையும் கேட்க வேண்டும்.

கிள்ளானின் தரைவீடுகளில் நிலைமை வேறு. பெரும்பாலான தாமான்களில் நிர்வாக அலுவலகமும் கிடையாது, லிஃப்டும் கிடையாது. வாசல் கேட்டுக்குள் ஒரு நாய் குரைப்பது ஊருக்குப் பழகிய சத்தம். அங்கே ஊராட்சி மன்றம்தான் கேள்வி கேட்கும். நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை நாய் வளர்க்கலாம், எந்த வகை வீட்டில் வளர்க்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மன்றமும் தனி விதி வைத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் நகராண்மைக் கழகம் அரச மாநகர் மன்றமாக உயர்ந்த கிள்ளானிலும் நாய்க்கு உரிமம் எடுக்கும் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது.

பிராணி இருப்பது தெரிந்ததும் சில உரிமையாளர்கள் செய்வது நேரே சட்டத்தோடு மோதும் காரியம்: பூட்டை மாற்றுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, சாமான்களை நடைபாதையில் வைப்பது. 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவர் வீட்டில் இருந்தால், அவரை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே வெளியேற்ற முடியும். பூனை வளர்த்தது ஒப்பந்த மீறல்தான். அதற்கு எழுத்தில் அறிவிப்பு, சரிசெய்ய அவகாசம், பிறகு ஒப்பந்தத்தை முடிப்பது என்று வரிசை இருக்கிறது. முன்பணத்தை மொத்தமாக அமுக்கிக்கொள்வதும் அவ்வளவு சுலபமில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவு பேசுவது நியாயமான இழப்பீட்டைப் பற்றி. கதவு, தரை, மெத்தை ஆகியவற்றை வீடு ஒப்படைத்த நாளில் படமெடுத்து வைத்த உரிமையாளரிடம்தான் ஆதாரம் இருக்கும். 5,000 ரிங்கிட் வரையிலான தகராறை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் பேசிக்கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்பவர் செய்யும் தவறு இதைவிடக் கொடிது. மூன்று நாள் அறிவிப்பு வந்ததும், பூனையை அட்டைப்பெட்டியில் போட்டுச் சந்தைக்குப் பின்புறம் விட்டுவிட்டு வருவது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் காரணமின்றிப் பிராணியைக் கைவிடுவதையும் வதையாகவே பார்க்கிறது. தண்டனை 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமில்லை. 2018இல் கோம்பாக்கில் ஒரு சலவைக் கடையில் கர்ப்பிணிப் பூனையை உலர்த்தும் இயந்திரத்தில் போட்டுக் கொன்ற வழக்கில் ஒருவருக்கு 34 மாதச் சிறையும் 40,000 ரிங்கிட் அபராதமும் கிடைத்தன.

அப்படியிருந்தும் வாடகைக்கு இருப்பவர்கள் பிராணியை ஏன் ஒளிக்கிறார்கள்? தமிழ்க் குடும்பங்களிடம் விடை இருக்கிறது. தோட்டத்து லயத்தில் நாய்க்கு யாரும் ஒப்பந்தம் கேட்டதில்லை. கோழியும் ஆடும் நாயும் வாசலில் ஒன்றாய்த் திரிந்தன. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது மனிதர்கள் மாடிவீடுகளுக்கு ஏறினார்கள். பழக்கமும் கூடவே ஏறியது. இன்னொரு பக்கம், ‘இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை’ என்று வெளிப்படையாக எழுதும் விளம்பரங்களை இந்த நகரம் நன்றாக அறியும். பத்து வீட்டுக்கு போன் போட்டு இரண்டு வீட்டைப் பார்க்கக் கிடைத்தவர், “எங்களிடம் ஒரு பூனையும் உண்டு” என்று வாய் திறப்பாரா? கிடைத்த வீட்டையும் இழக்க யாருக்கு மனம் வரும்?

கணக்குப் போட்டால் விஷயம் இன்னும் தெளியும். மாத வாடகை 1,500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம் 3,000, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை 750, முதல் மாத வாடகை 1,500. வீடு மாற 5,250 ரிங்கிட் கையில் வேண்டும், லோரி வாடகை தனி. பழைய முன்பணம் திரும்பி வரும் வரை இது கடன்தான். உரிமையாளர் பக்கம், வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 1,500 நட்டம், ஏஜெண்டுக்கும் மறுபடி கமிஷன். ஒரு பூனையால் இரு தரப்புக்கும் இவ்வளவு செலவு.

பக்கத்து நாடு இதை நீண்ட காலம் தடையால் சமாளிக்கப் பார்த்தது. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளில் 1989 முதல் பூனைக்குத் தடை. முப்பத்தைந்து ஆண்டு தடையிலும் பூனைகள் மாடிகளில் இருந்துகொண்டேதான் இருந்தன. கடைசியில் 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதித்து, உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கினார்கள். இனி எந்தப் பூனை யாருடையது என்று அரசு தெரிந்துகொள்ள முடியும்.

வேறு சில இடங்களில் நீதிமன்றங்களே தடைக்கு எதிராகப் பேசின. கேரள உயர்நீதிமன்றம் 2021இல், அடுக்குமாடிச் சங்கங்கள் பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் விதி செல்லாது என்றது. வெர்வ் சூட்ஸ் தீர்ப்பு வந்த அதே 2020இல், சிட்னியின் ஹொரைசன் அடுக்குமாடியில் அங்கஸ் என்ற சிறு ஷ்னவுசர் நாய்க்காக நடந்த வழக்கிலும், யாருக்கும் தொல்லை தராத பிராணியைக்கூடத் தடுக்கும் விதி கடுமையானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இங்கிலாந்தின் 2025ஆம் ஆண்டு வாடகைதாரர் உரிமைச் சட்டம் இன்னும் எளிய வழியைப் பிடித்தது. வாடகைக்கு இருப்பவர் எழுத்தில் கேட்கலாம். உரிமையாளர் 28 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். தக்க காரணமின்றி மறுக்க முடியாது.

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை. குடியிருப்பு வாடகைச் சட்டம் கொண்டுவரப் போவதாக வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு பல ஆண்டுகளாகப் பேசி வருகிறது. அந்த வரைவில் இங்கிலாந்தின் வழியை ஒட்டி ஓர் உட்பிரிவு சேர்ப்பது கடினமான காரியமில்லை. உரிமையாளரின் சமயக் காரணம், நிர்வாகத்தின் துணைவிதி, ஊராட்சி மன்ற உரிமம் கிடைக்காமை எல்லாம் தக்க காரணமாகவே இருக்கட்டும். காரணத்தை எழுத்தில் சொன்னால் போதும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒப்பந்தத்தோடு ஒரு பக்க இணைப்பு போதும். என்ன பிராணி, எத்தனை, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டதற்கான கிளினிக் அட்டை, வீடு காலி செய்யும்போது ஆழ்சுத்தம் செய்யும் செலவு யாருடையது, முன்னறிவிப்போடு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வீடு பார்க்கலாம் என்பவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடலாம். நிர்வாகத்தின் அனுமதிக் கடிதத்தையும் அதோடு பின் அடிக்கலாம். வேண்டாம் என்று தீர்மானிக்கும் உரிமையாளர் அதை ஒப்பந்தத்தின் நடுப்பக்கத்தில் புதைக்காமல், வீடு காட்டும் நாளிலேயே சொல்லிவிடட்டும். பூனை வைத்திருப்பவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.

அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, பேனாவைத் திறப்பதற்கு முன் உரிமையாளர்கள் ஒரு கேள்வி கேட்கட்டும்: “வீட்டில் பூனை, நாய் ஏதும் உண்டா?” உண்டு என்றால் வாடகைக்கு இருப்பவர்களும் அங்கேயே சொல்லிவிடட்டும்.