பூட்டிய வீடும் பாழாகும் தெருவும்

கடனை அடைக்க இயலாதவரின் வீடு ஜப்தியாகி ஏலம் போவதை நீங்கள் அறிவீர்கள். 2008 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் அது தெருத் தெருவாக நிகழ்ந்தது. கிளீவ்லாந்து நகரின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியில், பூட்டிக் கிடந்த வீடுகளின் செம்புக் குழாய்களையும் திருடர் பெயர்த்துச் சென்றனர். ஒரு வீடு பாழானால் அண்டை வீட்டின் மதிப்பும் சரியும். தவணை தவறாதவரும் நஷ்டப்படுவார்.

இதற்கென அந்நாட்டுக் காங்கிரஸ் 2008-இல் 392 கோடி டாலரும், 2009, 2010 ஆண்டுகளில் மேலும் 300 கோடியும் ஒதுக்கியது. மஹல்லாதோறும் இயங்கும் வீட்டுச் சங்கங்கள் ஜப்தி வீடுகளை வாங்கிச் செப்பனிட்டு, எளியோருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ வழி பிறந்தது. ஆனால் பணம் இருந்தும் வீடு கிட்டவேண்டுமே! சங்கத்தார் மதிப்பீடு, சோதனை, அனுமதி என்று அலைவதற்குள், ரொக்கத்தோடு வந்த வியாபாரி வாங்கிவிடுவார். வங்கியோ எங்கோ தொலைவில், யாரிடம் பேசுவது? ஆகவே 2008-இல் தோன்றிய தேசியச் சமூக நிலைநிறுத்த அறக்கட்டளை வங்கிகளோடு பேசி, வீடு பொதுச் சந்தைக்கு வருமுன் சில நாட்கள் உள்ளூர்ச் சங்கங்களுக்கே காட்டச் செய்தது. வங்கிக்கும் காவல், வரி, பராமரிப்புச் செலவு மிச்சம்.

எனினும், இதில் தெரு மீளுமேயன்றி வீட்டை இழந்தவர் மீளார். பாஸ்டனில் 2009-இல் தொடங்கிய முயற்சியே மேல் என்பேன். அங்கே ஒரு சமூக நிதி நிறுவனம் ஜப்தி வீட்டை அன்றைய குறைந்த விலைக்கு வாங்கி, குடியிருந்தவருக்கே, அவர் தாங்கக்கூடிய புதிய கடனில் திரும்ப விற்றது. அக்குடும்பத்தார் சாமான்களை வண்டியில் ஏற்ற நேரவில்லை.