அரிசி ஒன்று, உரல் மூன்று

‘இன்றைய உலகம் விஞ்ஞான உலகம்’ என்று தொடங்காத கட்டுரை பள்ளி மலர்களில் அபூர்வம். அந்த விஞ்ஞான உலகத்தில் கணிப்பொறியின் முன் அமர்ந்து நாம் செய்வதுதான் என்ன? யாரோ கட்டிவைத்த மென்பொருளை இறக்கி, ‘அடுத்து, அடுத்து, முடிந்தது’ என்று பொத்தானை அழுத்துகிறோம். பாக்கெட் மாவு வாங்கி இட்லி ஊற்றுவது போலத்தான். இட்லி வரும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் மாவு புளித்துப்போனால் காரணம் தெரியாமல் விழிப்போம். பத்தாம் வகுப்பைத் தாண்டுமுன் ஒவ்வொரு மாணவியும் ஒரு மென்பொருளையாவது அதன் மூல நிரலிலிருந்து தானே கட்டி நிறுவிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்த எண்ணம் எங்களுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறோம். நூலக அலமாரியில் பழைய பள்ளி மலர்கள் கிடக்கின்றன. தாள் பழுப்பேறி, தொட்டால் ஓரம் உதிர்கிறது. அவற்றிலுள்ள கட்டுரைகளையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றினால் நன்றாயிருக்கும் என்று சிஸ்டர் ஒருநாள் சொன்னார்கள். அத்தனையையும் தட்டச்சு செய்ய யாரால் முடியும்? அச்சிட்ட பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்துக்களைத் தானே படிக்கும் மென்பொருள் ஒன்று உண்டென்று அறிந்தோம். அதன் பெயர் டெஸ்ஸரக்ட். ஹியூலெட் பேக்கார்டு நிறுவனத்தார் 1985 முதல் 1994 வரை உருவாக்கியது. 2005-இல் மூல நிரலோடு எல்லோருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டது. தமிழும் படிக்கும், பிரெஞ்சும் படிக்கும். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் காரைக்காலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறென்ன வேண்டும்? பாட்டி வீட்டுப் பெட்டியிலுள்ள பிரெஞ்சு அச்சுத்தாள்களையும் ஒரு கை பார்க்கலாமே!

இதற்கு அழகான முகப்பொன்றும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுதித்தான் ஏவ வேண்டும். அந்தக் கறுப்புத் திரையைக் கண்டாலே ‘வைரஸ் வந்துவிடும், தொடாதே’ என்று பதறும் பெரியவர்கள் உண்டு. அடுப்பைத் தொடு என்கிறவர்கள் கணிப்பொறியைத் தொடாதே என்பது வேடிக்கைதான்.

வரிச்சிக்குடியில் எங்களுள் ஒருத்தியின் வீட்டுத் திண்ணையில் மூன்று கணிப்பொறிகள் கூடின. ஒன்றில் லினக்ஸ், ஒன்றில் வின்டோஸ். மூன்றாவது, பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அத்தையின் மாக். மூல நிரல் என்பது மனிதர் எழுதிய, மனிதர் படிக்கக்கூடிய வடிவம். அதை இயந்திரம் புரிந்துகொள்ளும்படி அரைத்துத் தருவது கம்பைலர். அரிசி ஒன்றேயானாலும் உரல் மூன்றும் மூன்று விதம். ஒன்றில் அரைத்த மாவு மற்றொன்றில் வேகாது.

லினக்ஸில் முறை இது. முதலில் ‘கான்ஃபிகர்’ என்ற கட்டளை. வேண்டிய பொருள்கள் வீட்டில் உள்ளனவா என்று அது பார்த்து வரும். அடுத்தது ‘மேக்’, அரைப்பது இதுதான். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி, இன்றும் உழைக்கிறது. கடைசியாக ‘மேக் இன்ஸ்டால்’. அரைத்ததை உரிய இடத்தில் எடுத்து வைக்கும். மூன்றே கட்டளை என்று மகிழ்ந்தோம். முதற்கட்டளையே நின்றுவிட்டது. படங்களைக் கையாளும் ‘லெப்டோனிக்கா’ என்ற நூலகம் இல்லையாம். ஆனால் கவனியுங்கள், எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று பிழைச்செய்தியே பெயர் சொல்லிற்று! அதைப் படிக்காமல் அரை மணி நேரம் அழுதது எங்கள் தவறு. எல்லாம் முடிந்து ஏவியபோது ‘நூலகம் கிடைக்கவில்லை’ என்றது. புதிதாக வைத்த நூலகத்தை லினக்ஸின் பட்டியலில் சேர்க்க ‘எல்டி கான்ஃபிக்’ என்றொரு கட்டளை இட வேண்டும். கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்டாயிற்று, பரிமாறுகிறவருக்குத்தான் சொல்லவில்லை என்பது போல.

மாக் அதிகம் தொல்லை தரவில்லை. ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளை முதலில் இறக்க வேண்டும். பின் ‘ஹோம்புரூ’ வழியாக லெப்டோனிக்காவைக் கொண்டுவரலாம். பழைய இன்டெல் மாக்கில் அது அமரும் அடைவு வேறு, புதிய ஆப்பிள் சில்லு உள்ளதில் வேறு. நாங்கள் பார்த்து எழுதிய குறிப்பு பழைய மாக்குக்கானது; அதனால் ஒரு மாலை வீணாயிற்று.

வின்டோஸ்தான் எங்களைப் படாதபாடு படுத்தியது. அதில் கம்பைலரே கூட வருவதில்லை. 2016 முதல் வின்டோஸுக்குள்ளேயே லினக்ஸை வைத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி செய்திருப்பதால் அதைப் பிடித்துக்கொண்டோம். அலுப்பு மிகுந்து, எல்லாக் கட்டளைகளையும் வின்டோஸில் ஒரே கோப்பாக எழுதி உள்ளே அனுப்பினோம். ஏவினால் ‘தவறான மொழிபெயர்ப்பி’ என்றது! எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம், பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாதுதான். தட்டச்சுப் பயிற்சிக்குப் போகும் அக்காமாருக்கு இது புரியும். வரி முடிந்தால் வண்டியை இடத்திற்குத் தள்ள வேண்டும், தாளையும் ஒரு வரி ஏற்ற வேண்டும். வின்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இந்த இரண்டு செயல்களுக்கும் இரண்டு குறிகள் இடுகிறது. லினக்ஸுக்குத் தாளேற்றும் ஒரு குறி போதும். மிச்சமிருந்த வண்டிக்குறியை அது கட்டளையின் பகுதியென்று படித்துவிட்டது. தட்டச்சுப் பொறியின் பழக்கம் கணிப்பொறிக்குள் புகுந்து, வரிச்சிக்குடித் திண்ணையில் நான்கு பெண்களை இரவு ஒன்பது மணிவரை உட்கார வைத்தது!

‘ஆயத்தப் பொதியை இறக்கினால் ஐந்தே நிமிடம். தேர்வு நேரத்தில் இது தேவையா?’ என்று ஒரு தந்தையார் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றாட வேலைக்கு ஆயத்தப் பொதியே போதும், நாங்களும் அதைத்தான் பயன்படுத்துவோம். ஆனால் தமிழுக்கு அது போதவில்லை என்பதை 1965-ஆம் ஆண்டு மலர் எங்களுக்குக் காட்டியது. சென்ற ஆண்டு மலரின் பக்கத்தைக் கருவி ஏறக்குறைய சரியாகப் படித்தது. பழைய மலரிலோ வரிக்கு வரி தடுமாறியது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துமுன் லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை வைத்த யானை போல அச்சாயின. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். கருவிக்கு அந்த யானைகளைத் தெரியவில்லை. ‘மாலை’ என்பது என்னவோவாகிவிட்டது.

பாக்கெட்டை மட்டுமே அறிந்தவராயிருந்தால் ‘இது பழைய தமிழைப் படிக்காது’ என்று மூடி வைத்திருப்போம். கட்டிப் பார்த்தவர்களாதலால் வேறொன்று நினைவுக்கு வந்தது. ‘கான்ஃபிகர்’ முடியும்போது கடைசி வரிகளில், ‘மேக் ட்ரெயினிங்’ என்று கட்டளையிட்டால் இதற்குப் புதிய எழுத்துக்களைக் கற்பிக்கும் கருவிகளும் கிடைக்கும் என்று ஒரு செய்தி வருகிறது. மூன்று கணிப்பொறிகளிலும் படித்துப் படித்து எங்களுக்கு அது மனப்பாடம். கணிப்பொறிக்குத் தமிழ் தெரியவில்லையென்றால் கற்பிப்பது யார் வேலை? வெளியூரில் யாரோ வந்து நம் மலரிலுள்ள பழைய லைகாரத்தைக் கற்பிக்கப் போவதில்லை.

கற்பிப்பதற்குப் பழைய அச்சின் வரிப்படங்களும், அவற்றின் சரியான எழுத்து வடிவமும் இணை இணையாக வேண்டும். இதுவரை 140 வரிகள் தட்டச்சு செய்திருக்கிறோம். இன்னும் பன்மடங்கு தேவைப்படும். அந்த மலர்களில் எழுதிய முன்னாள் மாணவியருள் சிலருடைய பேத்திகள் இன்று ஆறாம், ஏழாம் வகுப்பில் படிக்கிறார்கள். அவர்கள் பாட்டியை அழைத்து வந்தால் மங்கிய எழுத்துக்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் கணிப்பொறி அறையைத் திறந்துவிடும்படி மதர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.