திரைவழிக் களப்பயிற்சி: கற்பவர் அங்கே, சுமப்பவர் இங்கே

சமூகப்பணிக் கல்வியின் உயிர் களப்பயிற்சி. இந்தியாவில் அக்கல்வி பிறந்ததே உழைக்கும் மக்களின் குடியிருப்புக்கு நடுவில்தான். மும்பை நாக்பாடாவில் சமூக மையம் நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட்டின் அனுபவத்திலிருந்தே 1936இல் டாட்டா சமூகப்பணிப் பள்ளி உருவாயிற்று. இன்றோ, அந்தக் களத்தைக் கணினித் திரைக்குள் அடக்கிவிடலாம் என்கிறார்கள்.

2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா தன் எல்லைகளை மூடியது. 2022 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பன்னாட்டுக் களப்பயிற்சி இணையத்துக்கு மாறியது. மெல்பனில் தம் வீட்டில் அமர்ந்தபடியே ஒரு மாணவர் இந்தியத் தொண்டு நிறுவனமொன்றில் 'பயிற்சி' பெறலாம் என்றாயிற்று. பெருந்தொற்று தணிந்த பின்னும், செலவு குறைவு என்று இம்முறை பரிந்துரைக்கப்படுகிறது.

மைசூரு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பழகிய நகரம். எச்.டி.கோட்டைப் பழங்குடி மக்களிடையே பணியாற்றும் சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்துடன் இணைந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை இங்கு அனுப்பி வந்துள்ளது. ஆகவே இது மைசூருத் தோழர்களின் வாசலில் நிற்கும் கேள்வி.

விமானக் கட்டணம் கட்ட இயலாதவர், குழந்தையை விட்டு வர முடியாத தாய், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கும் இம்முறை வாய்ப்பளிக்கிறது என்று அதன் ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். இதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வாய்ப்பின் விலையை யார் செலுத்துகிறார்கள்?

ஆஸ்திரேலியச் சமூகப்பணியாளர் சங்கத்தின் விதிப்படி மாணவர் 1000 மணி நேரக் களப்பயிற்சி முடிக்க வேண்டும். அதற்கான கல்விக் கட்டணம் அவருடைய பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. கன்னடத்தில் ஒரு பெண் சொல்லும் துயரத்தை ஆங்கிலமாக்குவதும், திரைமுன் பேச அவரை இணங்கவைப்பதும், நேர வேறுபாட்டுக்கேற்ப விடியலிலேயே இணைப்பில் அமர்வதும் குறைந்த ஊதியம் பெறும் இங்குள்ள களப்பணியாளரின் தலையில் விழுகின்றன. மொழிபெயர்ப்பு உழைப்பு, வழிகாட்டலும் உழைப்பு. கணக்கில் வராத உழைப்புக்குச் 'சேவை' என்று பெயர் சூட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். அப்பெயரால் ஏய்க்கப்பட்ட கர்நாடகத்தின் ஏறத்தாழ 42,000 ஆஷா ஊழியர்கள், மாதம் 12,000 ரூபாய் கோரி 2020 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதை நாம் மறக்கவில்லை.

திரை எதைக் காட்டும்? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் மூவரில் ஒருவரே இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர். எஞ்சிய இருவர் திரைக்கு வெளியே நிற்கின்றனர். 2021 மே 2 இரவு சாமராஜநகர் மருத்துவமனையில் ஆக்சிஜன் இன்றி நோயாளிகள் மடிந்தபோது, உறவினர் பட்ட தவிப்பை எந்தக் காணொலிச் சந்திப்பு கற்பிக்கும்? நாகரஹொளே காட்டிலிருந்து அகற்றப்பட்ட ஜேனு குறும்பர், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் தம் நிலத்தைக் கேட்டு நிற்பதை, நிறுவனம் தேர்ந்தெடுத்துக் காட்டும் ஒரு மணி நேர 'நேர்வு ஆய்வு' எவ்வாறு உணர்த்தும்? நிலம் பறிக்கப்பட்ட அரசியல் மறைந்து, 'ஊட்டச்சத்துக் குறைந்த பழங்குடித் தாய்' என்னும் தனிமனிதச் சிக்கல் மட்டுமே திரையில் எஞ்சும்.

இதைவிட முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. பயணச் செலவுதான் தடை என்றால், திரை அத்தடையை நீக்கிவிட்டதே! அப்படியானால் மானசகங்கோத்ரியில் பயிலும் மாணவி, மெல்பனில் வீடற்றோருக்கான ஓர் அமைப்பில் ஏன் பயிற்சி பெறக் கூடாது? ஆதிக்குடிக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்ததற்காக 2008இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பிரதமர் கெவின் ரட் மன்னிப்புக் கேட்டார். அவ்வரலாறு எச்.டி.கோட்டையின் மகளுக்குப் பாடமாகாதா? பெரும்பாலும் இவ்வாய்ப்பு ஒருவழிப் பாதையாகவே இருப்பதற்குக் காரணம் செலவன்று. எவர் ஆய்பவர், எவர் ஆயப்படுபவர் என்ற ஏகாதிபத்தியப் பிரிவினையே.

வெளிநாட்டு மாணவர் நம் எதிரி அல்லர். ஊதியமற்ற களப்பயிற்சியால் வறுமைக்குத் தள்ளப்பட்ட ஆஸ்திரேலிய மாணவர்கள் போராடினார்கள். சமூகப்பணி, செவிலியம், ஆசிரியப் பயிற்சி மாணவர்களில் தகுதியுடையோர்க்கு 2025 ஜூலை முதல் வாரத்துக்கு 300 டாலருக்கும் மேல் அந்நாட்டு அரசு வழங்குகிறது. களப்பயிற்சியும் உழைப்பே என அங்கு ஏற்கப்பட்டுவிட்டது. அந்த நியாயம் கடல் கடந்ததும் செல்லாக் காசாகிவிடுமா?

ஆகவே திரையை உடைக்கச் சொல்லவில்லை, நிபந்தனைகளை முன்வைக்கிறோம். வழிகாட்டும் களப்பணியாளருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஊதியம் தர வேண்டும். ஒவ்வோர் ஒப்பந்தமும் இருவழிப் பரிமாற்றமாக அமைந்து, பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். மக்களின் ஒப்புதல் அவர்கள் மொழியிலேயே பெறப்பட வேண்டும். மறுப்போர்க்கு நிவாரணம் மறுக்கப்படலாகாது. நம் மாணவரின் நேரடிக் களப்பயிற்சி ஒரு மணி நேரமும் குறைக்கப்படக் கூடாது. அவர்களுக்கும் உதவித்தொகை வேண்டும்.

மாணவர் அரங்கமும் திட்டப் பணியாளர் சங்கமும் தனித்தனியே எழுப்பினால் இக்கோரிக்கைகள் மனுக்களாகவே மக்கிப்போகும். மைசூருவில் இவ்விரு அணிகளையும் ஒரே மேடைக்குக் கொண்டுவருவது நம் தோழர்களின் உடனடிக் கடமை.