கேஸ் தீர்ந்தால் எங்கே நிரப்புவது?

கோடை பிறந்ததும் வீட்டிலேயே சோடா தயாரிக்கும் கருவிகளுக்கான விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. கருவியின் நிறம், வடிவம், உடன் வரும் பாட்டில்கள், தள்ளுபடி என்று எல்லாம் அவற்றில் இருக்கும். வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விக்கு மட்டும் பல விளம்பரங்களில் பதில் இருக்காது. சிலிண்டரில் கேஸ் தீர்ந்துவிட்டால் அதை எங்கே நிரப்புவது, யாரிடம் கொடுத்து மாற்றுவது?

இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை எந்த சோடா மேக்கருக்கும் பணம் கட்டக் கூடாது.

காரணம் எளிது. கருவி என்று நாம் வாங்குவதில் பெரிதாக எதுவும் கிடையாது. சாதாரண மாடல்களில் மோட்டார் இல்லை, மின்சாரம் வேண்டாம். உள்ளே ஒரு சிலிண்டர், அதைத் திறக்கும் வால்வு, தண்ணீருக்குள் இறங்கும் மெல்லிய குழாய், அழுத்தம் கூடினால் தானாகத் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வு. அவ்வளவுதான். சரியாகப் பயன்படுத்தினால் இது பல ஆண்டுகள் உழைக்கும். திரும்பத் திரும்பச் செலவு வைப்பது கேஸ். அதனால் தேர்ந்தெடுக்க வேண்டியதும் கேஸ் வரும் வழியைத்தான்.

தண்ணீருக்குள் கரியமில வாயுவைச் செலுத்தும் வித்தை பழையது. 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பீர் ஆலையின் நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தண்ணீரைப் பிடித்துப் பார்த்து இதைக் கண்டறிந்தார். 1783-ல் ஜெனிவாவில் யோகான் ஜேக்கப் ஷ்வெப் அதைத் தொழிலாக்கினார். 1870-களின் தொடக்கத்தில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர், கேஸின் அழுத்தத்தாலேயே கோலிக் குண்டு மேலெழுந்து வாயை அடைத்துக்கொள்ளும் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். நம் ஊர் கோலி சோடா பாட்டில் அந்த வடிவம்தான். 1903-ல் கை கில்பி என்பவர் பிரிட்டனில் வீட்டுக்கான சோடா கருவியை உருவாக்கினார். இன்றைய சோடாஸ்ட்ரீமின் மூலம் அது. அந்த நிறுவனத்தை 2018-ல் பெப்சிகோ 320 கோடி டாலருக்கு வாங்கியது. வீட்டு சோடாவுக்கு எவ்வளவு பெரிய சந்தை இருக்கிறது என்பதற்கு அந்த விலையே போதும்.

இனி கணக்குக்கு வருவோம். உலகம் முழுக்க வீட்டுக் கருவிகளில் அதிகம் புழங்கும் சிலிண்டரில் சுமார் 425 கிராம் கரியமில வாயு இருக்கும். '60 லிட்டர் வரை' என்று அதன்மேல் போட்டிருப்பார்கள். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 7 கிராம். கடையில் வாங்கும் சுறுசுறுப்பான சோடாவிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஆலையில் போவதுபோல் வீட்டில் அத்தனை கேஸும் தண்ணீருக்குள் போய்ச் சேராது. ஒவ்வொரு அழுத்தலிலும் ஒரு பகுதி பாதுகாப்பு வால்வு வழியாக வெளியேறிவிடும். பாட்டிலைக் கழற்றும்போது இன்னும் கொஞ்சம் போகும். மூக்கில் ஏறும் அளவுக்குக் காரமான சோடா கேட்கும் வீடுகளில் 60 லிட்டர் ஒருநாளும் வராது. சிலிண்டர் மாற்றும் விலையை 60-ஆல் வகுத்து 'ஒரு லிட்டர் இவ்வளவுதான்' என்று கடைக்காரர் சொன்னால், 40-ஆல் வகுத்துப் பாருங்கள். நடைமுறைக்கு அதுதான் பக்கம்.

சிலிண்டர் விஷயத்தில் வாங்குபவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த வழக்கு நல்ல பாடம். சோடாஸ்ட்ரீமைத் தன்னோடு இணைத்துக்கொண்ட சோடா கிளப் நிறுவனம், சிலிண்டர்கள் வாடகைக்குத்தான் தரப்படுகின்றன, உரிமை தங்களுடையது, ஆகவே வேறு யாரும் அவற்றை நிரப்பக் கூடாது என்றது. சந்தையில் தனக்குள்ள பலத்தை அந்த நிறுவனம் தவறாகப் பயன்படுத்துகிறது என்று அந்நாட்டின் போட்டி ஒழுங்குமுறை அலுவலகம் 2006-ல் தீர்மானித்தது. 2008-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காலி சிலிண்டரை வாடிக்கையாளர் தமக்குப் பிடித்த இடத்தில் நிரப்பிக்கொள்ளத் தடை போடக் கூடாது என்பதே அதன் சாரம்.

நம் ஊரில் அப்படியொரு வழக்கு நடக்கும்வரை காத்திருக்க முடியாது. வாங்கும்போதே பார்த்துவிடலாம். சிலிண்டரின் கழுத்தில் உள்ள மறை எந்த வகை என்று கேளுங்கள். டி.ஆர். 21-4 என்ற மறைதான் பரவலானது. பல கம்பெனிகளின் கருவிகள் அதை ஏற்கும். அண்மை ஆண்டுகளில் சோடாஸ்ட்ரீம், திருகாமல் தட்டினால் பொருந்திக்கொள்ளும் புதிய வகை சிலிண்டரைக் கொண்டுவந்திருக்கிறது. மாட்டுவதற்கு எளிதுதான். ஆனால் பழைய மறைக் கருவியில் அது பொருந்தாது. புதிய வகைக் கருவியில் பழைய மறை சிலிண்டரும் பொருந்தாது. நான்கு கம்பெனி சிலிண்டரும் பொருந்தும் கருவி ஒரே கம்பெனியின் சிலிண்டர் மட்டும் பொருந்தும் கருவியைவிட மேல்; பார்க்கக் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் மேல்தான்.

சிலிண்டரே வேண்டாம் என்று 8 கிராம் சிறு குப்பிகளைப் போடும் சைஃபன் பாட்டிலை நாடுபவர்களும் உண்டு. ஒரு குப்பி ஒரு லிட்டருக்கு. மாதம் இரண்டு முறை விருந்தாளி வந்தால் சோடா போடும் வீட்டுக்கு இது போதும். தினமும் குடிப்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தினம் ஓர் எஃகுக் குப்பி குப்பைக்குப் போவதும் மனதுக்கு ஒப்பவில்லை.

மிச்சம் பிடிக்க எண்ணி வெல்டிங் கடையிலோ தீயணைப்பான் நிரப்பும் இடத்திலோ சிலிண்டரை நிரப்புவது ஆபத்து. அங்கே இருக்கும் கேஸ் குடிக்கும் பொருளுக்கென்று சுத்திகரிக்கப்பட்டது என்பதற்கு உறுதியில்லை. உணவுத் தரக் கரியமில வாயுவுக்கு ஐ.என்.எஸ். 290 என்ற எண் உண்டு. அந்த எண்ணோ, உணவுத் தரம் என்ற உறுதியோ இல்லாத இடத்தை விட்டுவிடலாம். இன்னொன்றும் இருக்கிறது. 500 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளளவு உள்ள சிலிண்டர் இந்தியாவின் கேஸ் சிலிண்டர் விதிகளுக்கு (2016) உட்பட்டது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்ற மத்திய அமைப்பு இதைக் கண்காணிக்கிறது. 425 கிராம் சிலிண்டரின் கொள்ளளவு இந்த வரம்பைத் தாண்டுகிறது. சிலிண்டர் உடலில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இணையத்தில் 'பழையது, மலிவு விலை' என்று வருவதைத் தொடவே கூடாது.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் நம் வெயில். 20 டிகிரி வெப்பத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 57 மடங்கு. 31 டிகிரியைத் தாண்டினால் கரியமில வாயு திரவமாக இருக்கவே முடியாது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் வேகமாக ஏறும். வட ஐரோப்பாவில் அது ஆண்டில் சில நாள் கதை. வேலூரிலும் திருத்தணியிலும் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மூடிய காருக்குள் அதைவிடவும் மோசம். தரமான சிலிண்டரில் அழுத்தம் எல்லை மீறினால் கிழிந்து கேஸை வெளியேற்றும் தகடு இருக்கும். அது கிழிந்தால் 425 கிராம் கேஸ் சுமார் 235 லிட்டராக விரிந்து பீறிடும். எனவே மாற்றிய சிலிண்டரை வண்டியில் வைத்துவிட்டுச் சினிமாவுக்குப் போகக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலும், வெயில் விழும் ஜன்னலோரத்திலும் கருவியை வைக்க வேண்டாம்.

வெயில் சோடாவின் சுவையிலும் கைவைக்கும். சாதாரண அழுத்தத்தில் 5 டிகிரி குளிர்ந்த ஒரு லிட்டர் தண்ணீரில் 2.8 கிராம் வரை கரியமில வாயு கரையும். 30 டிகிரித் தண்ணீரில் 1.3 கிராம்கூடக் கரையாது. குழாயில் பிடித்த தண்ணீரில் எத்தனை முறை அமுக்கினாலும் சோடா சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். கருவி சரியில்லை என்று புகார் செய்பவர்கள் பலர், இரவே தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் பாதி கேஸில் நல்ல சோடா குடித்திருப்பார்கள்.

செய்முறை இதுதான். குளிர்ந்த தண்ணீரைப் பாட்டிலின் கோட்டளவுக்கு ஊற்றுங்கள். கோட்டைத் தாண்ட வேண்டாம், மேலே காலியிடம் வேண்டும். பாட்டிலைப் பொருத்தி, ஒரு நொடி அமுக்கி விடுங்கள், மீண்டும் ஒரு நொடி. ஒரேயடியாக அமுக்கிப் பிடித்தால் கேஸ் கரைய நேரமில்லாமல் வெளியே ஓடும். 'புர்ர்' என்று சத்தம் எழுந்து தணிந்ததும் பாட்டிலை மெதுவாகச் சாய்த்துக் கழற்றுங்கள். பெரும்பாலான கருவிகளில் வெறும் தண்ணீருக்கு மட்டும்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எலுமிச்சைச் சாறையோ நன்னாரி சர்பத்தையோ உள்ளே ஊற்றி அமுக்கினால் நுரை பொங்கி வால்வுக்குள் ஏறிப் பிசுபிசுத்துப் போகும். கருவியைப் பழுதாக்கும் முதல் தவறு அதுதான். பாட்டிலில் காலாவதித் தேதி இருக்கும். பிளாஸ்டிக் பாட்டிலை வெந்நீரில் கழுவினால் அது இளகி, அழுத்தம் தாங்கும் பலத்தை இழந்துவிடும்.

லெமன் சோடா போட நம் பெட்டிக்கடைக்காரரின் முறையை மிஞ்ச ஒன்றுமில்லை. டம்ளரில் முதலில் எலுமிச்சையைப் பிழிந்து, உப்பையும் சாற்றிலேயே கரைத்துவிட்டு, அதன்மேல் சோடாவை ஓரமாக ஊற்றுவார். சோடாவில் உப்பைப் போட்டால், ஒவ்வொரு துகளைச் சுற்றியும் குமிழி கிளம்பிக் கேஸ் முழுதும் நொடியில் போய்விடும். இஞ்சிச் சாறு, பன்னீர், நன்னாரி எதற்கும் இதே வரிசைதான்.

வீட்டு சோடாவுக்குச் சொல்லும் மிக வலுவான காரணம் சர்க்கரை. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளில் கூடுதலாகச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது 2015-ல் உலக சுகாதார நிறுவனம் தந்த அறிவுரை. ஒரு பாட்டிலிலேயே அது தாண்டிவிடுகிறது. வீட்டில் போடும்போது எவ்வளவு சிரப் என்பதை வீடே முடிவு செய்யலாம். ஆனால் கம்பெனி விற்கும் சிரப்பைப் புட்டியில் உள்ள அளவுப்படி ஊற்றினால் சர்க்கரை வேறு வழியில் வந்து சேரும். பிள்ளைகளுக்காக வாங்குகிறோம் என்பவர்கள் இதை மறக்கக் கூடாது. வெறும் சோடா பல்லுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்தால் பல்லின் எனாமலுக்கு நல்லதல்ல. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு சோடா ஆறுதல் தருவதுபோல் தோன்றும். ஏப்பத்தோடு அமிலமும் மேலேறினால் எரிச்சல் கூடத்தான் செய்யும்.

பிளாஸ்டிக் பாட்டில் குறைகிறது என்ற வாதமும் சரிதான். தமிழ்நாட்டுக்கு அதில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் முதல் தெருமுனைச் சிறு சோடா கம்பெனி வரை, காலி கண்ணாடிப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக் கழுவி நிரப்பும் பழக்கம் இங்கே நெடுங்காலம் இருந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை அடுத்து வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தபோது உள்ளூர் சோடாவுக்கு மறுபடி கிராக்கி வந்தது. பல ஊர்களில் கோலி சோடா மீண்டும் தலைகாட்டியது. கட்டைத் திறப்பானை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. 'டப்'பென்று குண்டு உள்ளே விழும். கழுத்தில் இருக்கும் இரண்டு குழிவுகளும் கீழ்ப்பக்கம் வரும்படி பாட்டிலைச் சாய்த்தால் குண்டு அங்கே தங்கிக்கொள்ளும், வாயை அடைக்காது. வீட்டுப் பக்கத்தில் இப்படிச் சுத்தமாகத் தயாரிக்கும் கம்பெனி இருந்தால், எப்போதாவது சோடா குடிக்கும் குடும்பத்துக்குக் கருவி தேவையே இல்லை.

யாருக்குத் தேவை? தினம் ஒரு லிட்டர் அளவுக்கு சோடா செலவாகும் வீட்டுக்கு. கோலாவை நிறுத்தி வெறும் சோடாவுக்கு மாற உண்மையாகவே நினைப்பவருக்கு. தன் ஊரிலேயே சிலிண்டர் மாற்றும் இடம் உள்ளவருக்கு. சென்னையிலும் கோவையிலும் கூரியரில் காலி சிலிண்டரை அனுப்பி மாற்ற முடிந்தாலும், அழுத்தம் உள்ள சிலிண்டரை எல்லாக் கூரியர்களும் ஏற்பதில்லை. அதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

உணவுத் தரக் கேஸும் அதைக் கையாளும் ஆட்களும் உள்ளூர் சோடா கம்பெனிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. உரிய அனுமதி பெற்ற நிரப்பும் நிலையங்களோடு சேர்ந்து, வீட்டு சிலிண்டரை மாற்றித் தரும் இடங்களாக அவை மாறலாம். கருவி விற்கும் கம்பெனிகள் அவற்றை விற்பனை மையங்களாக ஏற்க வேண்டும். பெசோவும் மாநிலத் தொழில் துறையும் சிறு தொழில்களுக்கு எட்டும்படி அனுமதி நடைமுறையை எளிதாக்க வேண்டும். அதுவரை, சோடா மேக்கர் வாங்கப் போகிறவர்கள் பில் போடும் முன் கடைக்காரரிடம் சிலிண்டர் மாற்றும் இடத்தின் முகவரியையும் விலையையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.