இது யார் வீட்டுக் காரியம்?



இயற்கையைப் பேணிக் காக்க வேண்டும் என்று சொன்னால் இன்று மறுப்பார் எவருமில்லை. பள்ளிக் குழந்தை அதைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெறுகிறது. விழாவுக்கு வரும் பெரியோர் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் கூட்டம் கலைந்தபின் அதே மேடையின் அடியில் பிளாஸ்டிக் குவளைகள் குவிந்து கிடக்கின்றன; நட்ட கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. கருத்தில் நமக்குக் குறைவில்லை, காரியத்திலேதான் குறை.

இதற்குக் காரணம் என்ன? "அது நல்ல காரியந்தான், ஆனால் என் வீட்டுக் காரியமன்று" என்னும் எண்ணம் நம் உள்ளத்தின் அடியிலே உறைந்து கிடப்பதே காரணம். ஆற்றிலே போகிற தண்ணீரை ஐயா குடி, அம்மா குடி என்பார்கள். பொதுவானது என்றால் எடுப்பதற்கு எல்லோரும் உண்டு. காப்பதற்கு ஒருவரும் இல்லை.

ஆனால் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கிக் காட்டிய ஊர்கள் நம் தமிழகத்திலேயே உண்டு. அவற்றுள் மூன்றினை இன்று நினைவுகூர்வோம்.

முதலாவது, சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி. இவ்வூரையும் வேட்டங்குடிப்பட்டியையும் ஒட்டிய கண்மாய்களில் மழைக்காலந்தோறும் நாரைகளும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் வந்து கூடு கட்டுகின்றன. தீபாவளித் திருநாளும் அந்தப் பருவத்தை ஒட்டியே வருகிறது. அடைகாக்கும் தாய்ப்பறவை வெடியோசை கேட்டு வெருண்டு பறந்துவிட்டால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும். இதை அறிந்த ஊரார் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நாடெங்கும் வாணவேடிக்கை முழங்கும் இரவில் அவ்வூர் மட்டும் அமைதியாக இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளும் பிள்ளைகள்தாமே! அவர்களுக்கும் மத்தாப்பின்மேல் ஆசை இராதா? ஆனால் எந்த வீட்டிலும் வெடியில்லை என்பதால் எந்தப் பிள்ளையும் அடுத்த வீட்டைப் பார்த்து ஏங்குவதில்லை. ஊரின் இந்தத் தியாகத்தைப் பாராட்டி வனத்துறையினர் தீபாவளிக்கு அவர்களுக்கு இனிப்பு வழங்குவதும் வழக்கமாகியுள்ளது. அக்கண்மாய்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1977-ஆம் ஆண்டில்.

இரண்டாவது, திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம். இங்கே பறவைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லைகளிலும் தெருவோர மரங்களிலும்கூடக் கூடு கட்டுகின்றன. கீழே நடப்போரின் தலைமேல் எச்சம் விழும், மீன்வாடை வீசும், இரவெல்லாம் குஞ்சுகளின் கூச்சல் ஓயாது. நம் வீட்டு வேப்பமரத்தில் நான்கு காக்கைகள் கூடு கட்டினாலே கழியெடுத்துக் கலைக்க நினைப்போர் நாம். கூந்தன்குளத்தாரோ பறவைகள் திரளாக வந்தால் அவ்வாண்டு ஊருக்கு நல்லாண்டு என்று மகிழ்கின்றனர். தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்ப்போரும் அவ்வூரில் உண்டு. 1994-இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது.

மூன்றாவது, செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். இதன் வரலாறு இன்னும் பழைமையானது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798-இல், அப்போது ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ் என்பவர், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து வடிவில் அளித்தார். அரசின் முறையான சரணாலயமாக அது ஏற்கப்பட்டதோ 1936-இல்தான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதாவது, சட்டம் பிறப்பதற்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் காவல் அங்கே பிறந்துவிட்டது!

இம்மூன்று ஊர்களும் நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றே. இவர்கள் பறவையைக் காட்டுப் பிராணியாகக் கருதவில்லை. பிரசவத்திற்குத் தாய்வீடு வந்த மகளாகக் கருதினர். சரணாலயம் என்னும் பெயர்ப்பலகை பின்னால் வந்து நின்றது. அதற்கு முன்னரே அது அவர்கள் வீட்டுக் காரியமாகிவிட்டது.

அப்படி எவர் வீட்டுக் காரியமாகவும் கருதப்படாத ஓர் இடத்தின் கதி என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். சென்னையின் தென்புறத்திலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மழைவெள்ளத்தைத் தன்னுள் வாங்கி மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும் மாபெரும் பஞ்சு போன்றது. ஆனால் பார்ப்போர் கண்ணுக்கு அது பயனற்ற சேற்று நிலம். ஆகவே நகரத்தின் குப்பை அங்கே போய்ச் சேர்ந்தது. சாலைகளும் கட்டடங்களும் அதை அரித்துத் தின்றன. எஞ்சியதில் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது; 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்கிடையே 2015 டிசம்பர்ப் பெருமழையில் சென்னை நகர் வெள்ளக்காடானபோது, அச்சதுப்பு நிலத்தைச் சூழ்ந்த பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் தவறு செய்யவில்லை. தன் பழைய வீட்டைத் தேடி வந்தது.

இனி, நம் மக்களிடையே நான் அடிக்கடி கேட்கும் மூன்று மறுமொழிகளை எடுத்து ஆராய்வோம்.

"அரசு அல்லவா செய்ய வேண்டும்?" என்பது முதல் மறுமொழி. உண்மைதான். ஆலைக்கழிவை ஆற்றில் விடுவோரைத் தண்டிக்கவும், ஏரியை வளைத்துக்கொள்வோரை வெளியேற்றவும் அரசுக்கே அதிகாரம் உண்டு. அக்கடமையிலிருந்து அரசை நாம் விடுவிக்கலாகாது. ஆனால் கேளாமலே அரசு செய்யும் என்று எண்ணுவது வீண். வேடந்தாங்கல் மக்கள் கேட்டார்கள், பெற்றார்கள். அதே சரணாலயத்தின் எல்லையைக் குறைக்கும் திட்டம் ஒன்று 2020-இல் முன்வைக்கப்பட்டபோதும், மக்களும் இயற்கை ஆர்வலரும் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பின்னரே அது கைவிடப்பட்டது. மறுபுறம், மக்கள் மனம் ஒப்பாத சட்டம் ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. இருந்தும் கடைக்குப் பையின்றிப் போய், "ஒரு கவர் கொடுங்கள்" என்று கேட்பவர் யார்? நாமேயன்றோ!

"நான் ஒருவன் செய்து என்ன ஆகப்போகிறது?" என்பது இரண்டாவது. சென்ற ஆண்டு நம் பங்குத் திருவிழாவிற்கு முன், அதிர்வேட்டுச் செலவைக் குறைக்கலாமே என்று பேச்சு எழுந்தபோது பெரியவர் ஒருவர், "சுவாமி, பக்கத்துப் பங்கிலே வெடிக்கிறார்களே! நாம் மட்டும் சும்மா இருந்தால் திருவிழா களைகட்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒருவன் மட்டும் விட்டுக்கொடுப்பது கடினம், அவன் ஏமாளியாகிவிடுகிறான். ஆனால் கொள்ளுக்குடிப்பட்டியில் ஒருவனா விட்டுக்கொடுத்தான்? ஊரே கூடி முடிவு செய்தது. ஆகவே எவருக்கும் இழப்பாகத் தோன்றவில்லை. தனியாளின் நோன்பு தளர்ந்துபோகலாம். ஊர் நோன்பு எளிதில் தளராது. ஆதலால், "நான் ஒருவன் செய்தால் போதுமா?" என்று கேட்பவர் வீட்டில் முடங்கிவிடாமல், "நாம் எல்லாரும் சேர்ந்து செய்வோமா?" என்று பங்குப் பேரவையில் கேட்கட்டும்.

"வயிற்றுப்பாடு முதலில், பறவையும் மரமும் பிறகு" என்பது மூன்றாவது. இதை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வறியவரைப் பார்த்து, "இயற்கைக்காக நீ பட்டினி கிட" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் மேற்சொன்ன ஊர்களைச் சற்றே கவனியுங்கள். பறவைகளின் எச்சம் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த உரம். வேடந்தாங்கல் ஏரித் தண்ணீர் வயலில் பாயும்போது உரமும் சேர்ந்தே பாய்கிறது. கூந்தன்குளத்தார் கோடையில் குளத்து வண்டலை அள்ளி வயலுக்கு இடுகின்றனர். பறவை ஊருக்குக் கடன்பட்டிருக்கவில்லை. தங்கிய இடத்திற்கு வாடகை கொடுத்துவிட்டே போகிறது! ஆகவே வயிற்றுப்பாடும் இயற்கைக் காப்பும் எப்போதும் பகை என்று கொள்ள வேண்டா. அவை மெய்யாகவே மோதுமிடத்தில், அந்தச் சுமையை ஏழை ஊரின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு நாம் தூர நின்று கைதட்டுவது அறமன்று. காக்கும் பயன் எல்லோருக்கும் எனில், காக்கும் செலவிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

சூழலியல் என்று இன்று நாம் வழங்கும் அறிவியலுக்கு மேலை மொழிகளில் உள்ள பெயர், 'ஒய்க்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய அறிஞர் அப்பெயரைப் படைத்தார். 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இப்பொருள் பற்றிச் சுற்றுமடல் விடுத்தபோதும், பூமியைப் பொது இல்லம் என்றே குறித்தார். அறிவியலும் திருச்சபையும் ஒரே சொல்லில் வந்து சந்திக்கின்றன. பூமி வீடாயின், அதைக் காப்பது வீட்டுக் காரியமே.

அப்படியாயின், நம் பங்கிலே எங்கிருந்து தொடங்கலாம்? உலகத்தைத் திருத்தும் திட்டம் வேண்டா. கைக்கு எட்டியவை மூன்று போதும்.

ஒன்று: திருவிழா அசன விருந்தில் வாழையிலையும், கழுவி எடுக்கும் குவளையும் பயன்படுத்துவோம். கழுவும் வேலையைப் பெண்கள் தலையில் மட்டும் சுமத்தாது இளைஞர் மன்றத்தார் ஏற்கட்டும்.

இரண்டு: நவம்பர் 2-ஆம் நாள், மரித்த விசுவாசிகளை நினைக்கக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும்போது பிளாஸ்டிக் மாலைகளைத் தவிர்த்து, நம் கொல்லையில் பூத்த பூவைக் கொண்டு செல்வோம். அடுத்த மாதம் அங்கே போய்ப் பார்த்தால், வாடாத அந்தக் குப்பையின் நடுவே நம் பெற்றோரின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறதே, அது மரியாதையாகுமா?

மூன்று: அதிர்வேட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, ஊர்க் குளத்தின் வரத்துக்கால்வாயிலுள்ள சீமைக் கருவேல முட்களையும் குப்பையையும் அகற்றச் செலவிடுவோம். இதற்கு ஊராட்சியின் அனுமதி பெற்று, பிற சமயத்துச் சகோதரரையும் அழைக்க வேண்டும். குளத்துத் தண்ணீர் எல்லா வீட்டுக்கும் பொதுவன்றோ? பிள்ளைகளின் மகிழ்ச்சி குறையாதிருக்க, கொள்ளுக்குடிப்பட்டியைப் போல அவர்களுக்கு இனிப்பு வழங்க மறவாதீர்கள்.

இவற்றுள் எதனையும் நான் ஆணையாக எழுதவில்லை. ஆணையால் நடப்பது ஆணையிட்டவர் மாற்றலாகிப் போகும் நாளோடு முடிந்துவிடும்; பங்குக் குருக்கள் வருவதும் போவதும் நீங்கள் அறிந்ததே. ஊரார் தாமாகக் கூடி எடுக்கும் முடிவுதான் பிள்ளைகளின் காலத்திலும் நிலைக்கும். வருகிற மாதப் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இம்மூன்றையும் எடுத்துப் பேசுங்கள். அதற்கு முன்பே உங்கள் வீட்டில், இரவுச் செபம் முடிந்தபின், பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். வெடி வேண்டுமா, குளம் வேண்டுமா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் விடையோடு கூட்டத்திற்கு வாருங்கள்.