நாய்க்கெல்லாம் வசூலா சார்?

"நாய்க்கெல்லாம் வசூலா சார்? மனுசனுக்கே இல்லாத காலத்துல?"

போன மாதம் ஒரே இரவில் ஐந்து பேர் போனில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். ஐவரும் நல்லவர்கள். இரண்டு பேர் நான் எழுதுவதைத் தவறாமல் படிப்பவர்கள். அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் தெரு முனையில் இட்லிக் கடை போடும் அம்மாவின் நாய் ராணி. ஏழு வயது நாட்டு நாய். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினார்கள். ஸ்கேன் பார்த்தவர், கர்ப்பப்பை முழுக்கச் சீழ், உடனே ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டும் என்றார். மொத்தம் 18,000 ரூபாய், பாதி முன்பணம். டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். மயக்க மருந்து அவருக்கும் சும்மா வருவதில்லை. ஆனால் ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு இல்லாதவர்கள் வேறு எங்கே போவார்கள்?

அந்த அம்மா கையில் இருந்தது 1,400. என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "வேற குட்டி எடுத்துக்கலாமேம்மா" என்றேன். அவர் பதில் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி கம்மலைக் காட்டினார். அடகுக் கடை காலையில்தான் திறக்கும். அதுவரைக்கும்தான் கேட்டார்.

மாதக் கடைசி. பென்ஷன்காரனால் 3,000தான் முடிந்தது. மீதிக்குத்தான் அந்த ஐந்து போன்கள். காலையில் கம்மலை அடகு வைத்து, இரண்டு பேர் கொடுத்ததையும் சேர்த்து, பதினோரு மணிக்கு முன்பணம் கட்டினோம். வயிற்றைத் திறந்தபோது கர்ப்பப்பை உள்ளேயே வெடித்திருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலை ராணி போய்விட்டது.

உடனே, "பார்த்தீங்களா, பணம் தண்டம்" என்றார்கள். தண்டமானது பணம் இல்லை ஐயா, அந்த ஒரு ராத்திரி.

மனுசனுக்கே இல்லை என்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, ஆபீசில் நிவாரண லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் செக்‌ஷனாகப் போனவன் நான். ராணிக்குக் கொடுத்த இரண்டு பேரும் அந்த லிஸ்ட்டில் இருந்தவர்கள். மனுசனைக் காட்டி நாய்க்கு இல்லை என்றவர்களில் ஒருவர், அன்றைக்கு மனுசனுக்கும் கையெழுத்துப் போடவில்லை.

வசதி இல்லாதவர் ஏன் நாய் வளர்க்க வேண்டும் என்கிறீர்கள். அவர் விலை கொடுத்து வாங்கவில்லை. சாக்கடையில் கிடந்த குட்டியை எடுத்தார். ராத்திரி முழுக்க அது குலைத்துக் காவல் காத்தது நம் வீடுகளையும்தான்.

நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். லா ஃபோந்தேனின் மிருகக் கதைகளை மனப்பாடம் செய்யாவிட்டால் முசே வெளியே நிறுத்திவிடுவார். அந்தப் பிரான்சில் 1845லேயே மிருகப் பாதுகாப்புச் சங்கம் வந்துவிட்டது. வருமானம் குறைந்தவர்களின் பிராணிகளுக்கென்றே அது மருந்தகங்கள் நடத்துகிறது. லண்டனில் மரியா டிக்கின் என்ற பெண்மணி ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச வைத்தியசாலை திறந்தது 1917ல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வருஷம். மனுசனுக்கே இல்லை என்று சொல்ல அதைவிடப் பொருத்தமான வருஷம் உண்டா? நம் அரசியல் சட்டமும் உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைக் குடிமகனின் கடமை என்று 1976ல் எழுதி வைத்தது.

ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் குமாஸ்தா வைத்தியம் ஒன்று உண்டு. உதவி கேட்பவர் டாக்டர் எழுதிய செலவுச் சீட்டைக் காட்டட்டும். கொடுப்பவர் பணத்தை ஆள் கையில் தராமல் ஆஸ்பத்திரியிலேயே கட்டி ரசீது வாங்கட்டும். தவணைக்கு ஒத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்கட்டும். இவ்வளவுதான்.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு சம்மதித்திருக்கிறது. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய். கணக்கு நோட்டு என்னிடம். அதில் முதல் வரவு எழுதியது அந்த இட்லிக்கார அம்மா பெயரில்தான். நான் கொடுத்ததை வாரம் 200 ரூபாயாகத் திருப்பித் தருகிறார். வேண்டாம்மா என்றேன். "அது பேர்ல கடன் இருக்கக் கூடாதுங்கய்யா" என்றார். அந்தப் பணத்தை அப்படியே நோட்டில் ஏற்றிவிட்டேன்.

முதல் செலவும் முடிவாகிவிட்டது. கர்ப்பப்பையை முன்கூட்டியே எடுத்துக் கருத்தடை செய்த நாய்க்கு இந்த நோய் வருவதில்லை. தெருவில் இன்னும் இரண்டு பெட்டை நாய்கள் இருக்கின்றன. அடுத்த வாரம் ஆட்டோ பேசியிருக்கிறேன்.

அந்த ஐந்து பேருக்கும் நோட்டில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோபம் இல்லை. நானும் முதலில் அதைத்தானே சொன்னேன்.